பெயரிட்டோரும் பெயர் சுமந்தோரும்



ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில், முதல் முறை வேலைக்கான ஆலைப் பேருந்துகள் வரும் வைகறைப் பொழுதில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். வரிசையில் நிற்கும் இளைஞர், இளம்பெண்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். அவ்வட்டையில் ஒரு படம், ஓர் எண், ஒரு பெயர். ஆலைக்குள் கதவைத் திறப்பது எண். கூலியைக் கணக்கிடுவதும் எண். பெயருக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஆயினும் பக்கத்தில் நிற்பவர் ஒருவரையொருவர் விளிப்பது பெயரால்தான். அப்பெயர்களைச் சற்றே நின்று படிப்பவர்க்கு இந்நிலப்பகுதியின் ஆயிரம் ஆண்டு வரலாறு அவ்வட்டைகளிலேயே கிடைத்துவிடும். அதனைப் படித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர் என்னும் சொல் திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. தெலுங்கில் பேரு, மலையாளத்தில் பேர், கன்னடத்தில் ஹெசரு. பழங்கன்னடத்தில் அது பெசர். தமிழில் பெயர் என்பது அழைக்கும் ஒலியை மட்டும் குறிப்பதன்று, புகழையும் குறிப்பது. 'பெயர் எடுத்தான்' என்பதற்கும் 'பெயர் வைத்தான்' என்பதற்கும் இடையே ஒரு வாழ்நாள் கிடக்கிறது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்த வழக்கத்தைச் சங்க நூல்கள் பேசுகின்றன. குழந்தைக்குப் பெயரிடுவதை நம் மக்கள் 'பெயர் சூட்டுதல்' என்பர். சூட்டுதல் என்னும் வினை பூவுக்கும் முடிக்கும் உரியது. தலையில் வைக்கத்தக்க ஒன்றாகப் பெயரைக் கருதிய மனம் அச்சொல்லில் இருக்கிறது. சூட்டப்பட்டது எப்போதும் பூவாகவே இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

பெரும்பூதூரில் பெயர் பற்றிப் பேசுவோர் இராமாநுசரிடமிருந்தே தொடங்க வேண்டும். மரபுக் கணக்கின்படி 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் அவ்வூரில் கேசவ சோமயாசிக்கும் காந்திமதிக்கும் பிறந்த அக்குழந்தைக்குத் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று பெயர் சூட்டினார். இளையாழ்வார் என்பது இலக்குவனைக் குறிக்கும். இராம அநுசன், அதாவது இராமனுக்குப் பின் பிறந்தவன், என்னும் வடமொழிப் பெயர்க்கும் பொருள் அதுவே. தமிழில் ஒன்றும் வடமொழியில் ஒன்றுமாக ஒரே பொருள் இருமுறை நின்றது. பின்னர் அவர் வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெயர் வந்து சேர்ந்தது. துறவு பூண்டபோது எதிராசர், திருவரங்கத்தில் உடையவர், உரை வகுத்தமையால் பாடியகாரர், திருக்கோட்டியூர் நம்பி மனம் உருகி அழைத்தமையால் எம்பெருமானார். பிறந்தபோது பிறர் இட்டது ஒன்று. வாழ்ந்து ஈட்டியவை பல.

ஆனால் இராமாநுசர் பெற்ற பெயர்களினும் அவர் இட்ட பெயர்களே சிந்திக்கத் தக்கவை. ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிய செய்தி கேட்டுத் திருவரங்கம் சேர்ந்த இராமாநுசர், அப்பெரியவரின் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டார் என்றும், நிறைவேறாத மூன்று எண்ணங்களின் அடையாளம் அவை என அறிந்து, மூன்றையும் தாமே முடிப்பதாக வாக்களித்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். பிரம சூத்திரத்துக்கு உரை காண்பது ஒன்று. மற்ற இரண்டும் பெயரைப் பற்றியவை. பராசரர், வியாசர் என்னும் முனிவர் இருவரின் பெயர் மண்ணில் நிலைக்க வேண்டும். நம்மாழ்வாரின் பெயர் விளங்க வேண்டும். கூரத்தாழ்வானின் மக்கள் இருவர் பராசர பட்டர், வேதவியாச பட்டர் எனப் பெயர் பெற்றனர். பெரிய திருமலை நம்பியின் மகனுக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் என்னும் பெயர் அமைந்தது. திருக்குருகைப்பிரான் என்பது நம்மாழ்வாரின் பெயர். அப்பெயர் தாங்கிய பிள்ளானே பிற்காலத்தில் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை எழுதினார். இறந்தவர் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு, பிறந்த குழந்தைகளின் பெயராக நிறைவேறியது. ஒரு பெயர் கடன் தீர்க்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இன்னொன்றும் பெரும்பூதூர்க் கோயிலில் நோக்கத்தக்கது. மூலவர் ஆதிகேசவப் பெருமாள். தாயாரின் திருப்பெயர் எதிராசநாதவல்லி. எதிராசரின் நாதனுக்குத் துணைவி என்பது பொருள். அடியவர்க்கு இறைவன் பெயரை இடுவதே உலக வழக்கு. ஈண்டு தாயாரின் பெயரே அடியவரின் பெயரை உள்ளடக்கி நிற்கிறது. ஊரில் பிறந்த பிள்ளை வளர்ந்து பெரியவரானபின், ஊர்த் தாய் அப்பிள்ளையின் பெயரால் அறியப்படுவது போன்றது இது. நம் சிற்றூர்களில் 'முருகன் அம்மா' என்று தாய்மாரை அழைக்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இராது.

காஞ்சிக்கும் பூதூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் முந்தைய தலைமுறையினரின் பெயர்கள் இக்கோயில்களின் வாயிலிலிருந்தே புறப்பட்டவை. எத்திராஜ், எத்திராஜுலு, பாஷ்யம், இராமானுஜம் என்பன உடையவர் வழி வந்தவை. வரதன், தேவராஜன், பெருந்தேவி ஆகியவை காஞ்சி அத்திகிரி தந்தவை. ஏகாம்பரம், காமாட்சி, கச்சபேசன் ஆகியவை சிவகாஞ்சியிலிருந்து வந்தவை. வேதகிரி என்றால் திருக்கழுக்குன்றம், தணிகாசலம் என்றால் திருத்தணி என்று கேட்ட மாத்திரத்தில் கூறிவிடலாம். எல்லம்மாளும் முனுசாமியும் கன்னியப்பனும் ஊர் எல்லையில் நின்ற தெய்வங்களின் கொடை. ஒருவரின் பெயரைக் கேட்டால் அவர் தாய் எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டாள் என்பது தெரிந்தது. எத்திராஜுலு என்பதன் இறுதியிலுள்ள 'லு' தெலுங்கின் மதிப்புப் பன்மை. தொண்டை மண்டலத்தின் இருமொழி வாழ்வு ஓர் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வூரின் பெயரை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுத நேர்ந்த நாள் ஒன்று உண்டு. 1991 மே 21 அன்று முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். இராஜீவம் என்பது தாமரை. அவருடைய பாட்டியின் பெயர் கமலா, அதுவும் தாமரை. முழுப்பெயரின் மற்றொரு பகுதியாகிய இரத்தினம், ஜவாஹர் என்னும் பாட்டனார் பெயரின் பொருளைத் தாங்கியது. மாறாத பெயரை இடாமல் பொருளை மட்டும் மாற்றிச் சூட்டிய முறை இது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபு தமிழில் சொல்லிலேயே உறைந்துள்ளது. பேரன் என்பது பெயரன். பாட்டனின் பெயரை உடையவன். பெயர்த்தி பேத்தியானாள். உறவுமுறைச் சொல்லே பெயரிடும் வழக்கத்திலிருந்து பிறந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடாத குடும்பத்திலும் பேரன் பேரன்தான். வழக்கம் கழன்று விழுந்த பின்னும் சொல் நடமாடுகிறது.

பெயர்களின் இலக்கணத்தைத் தொல்காப்பியர் வகுத்த விதம் இன்றைய வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. இயற்பெயரை அவர் விரவுப்பெயர்களுள் வைத்தார். சாத்தன் என்னும் பெயர் மனிதனுக்கும் ஆகும், எருதுக்கும் ஆகும், வந்தான், வந்தது என்னும் வினையே திணையைக் காட்டும். தம் வீட்டு மாட்டுக்கும் மகனுக்கும் ஒரே பெயரை அன்போடு இட்ட உழவர் சமுதாயம் அந்நூற்பாவின் பின்னணியில் நிற்கிறது. எழுத்ததிகாரத்தில் அவர் இன்னும் நுணுக்கமான ஒன்றைச் சொல்கிறார். ஆதன் என்பதனோடு தந்தை என்னும் சொல் சேர்ந்தால் ஆந்தை ஆகும். பூதன் தந்தை பூந்தை ஆவான். பிசிராந்தையாரின் பெயரில் உள்ள ஆந்தை பறவையன்று, ஆதனின் தந்தை. பிசிர் என்பது ஊர். மகனால் தந்தை அறியப்பட்ட பெயர் அது. பள்ளியில் அப்பெயரைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வொரு புணர்ச்சி விதியைச் சொல்லிவிட்டால் போதும்.

தந்தையின் பெயரோடு மகனின் பெயர் சேருமிடத்துக்கும் தனி விதி உண்டு. சாத்தனின் மகன் கொற்றன், சாத்தங்கொற்றன் ஆவான். கொற்றன் மகன் கொற்றன் எனில் கொற்றங்கொற்றன். தந்தை முன், மகன் பின். இவ்வரிசைதான் இன்றும் தமிழர் பெயரின் வரிசை. தந்தையின் முழுப்பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னே புள்ளியோடு நிற்பது ஒன்றே மாற்றம். 2021-இல் தமிழ்நாட்டு அரசு அத்தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என ஆணையிட்டது நினைவிருக்கலாம். பெயர் தமிழிலும் தலைப்பெழுத்து ஆங்கிலத்திலுமாக எழுதிக் கொண்டிருந்த விந்தையை அவ்வாணை சுட்டிக் காட்டியது.

இவ்வரிசை ஒரகடத்து ஆலைகளின் படிவங்களில் சிக்கிக் கொள்கிறது. உலக நிறுவனங்களின் படிவத்தில் இரு கட்டங்கள் உண்டு. ஒன்று தன் பெயருக்கு. மற்றொன்று குடும்பப் பெயருக்கு. தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் உண்டு. அதனை இரண்டாம் கட்டத்தில் எழுதுகிறான். கொரியப் பொறியாளரோ செருமானியப் பொறியாளரோ மரியாதையாக அவனை இரண்டாம் கட்டத்துப் பெயரால் விளிக்கும்போது, அங்கே அழைக்கப்படுவது ஊரில் இருக்கும் அவன் தந்தை. பக்கத்தில் நிற்கும் பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்த தோழனுக்கு இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. அவன் இரண்டாம் கட்டத்தில் எழுதுவது குடும்பப் பெயர். பல வேளைகளில் சாதியின் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்க்குச் சுற்றுலா நுழைவு இசைவு இல்லை என அறிவித்தபோது, சாத்தங்கொற்றனின் வழிவந்தோர் பலர் விமான நிலையத்தில் தம் தந்தையின் பெயரைத் தேட வேண்டியவராயினர்.

அந்த இரண்டாம் கட்டம் தமிழனிடம் வெறுமையாக இருப்பது தற்செயலன்று. அது வெறுமையாக்கப்பட்டது. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இட்டுக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. பூதூர் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. நாயக்கரும் முதலியாரும் பிள்ளையும் மெல்ல மெல்லப் பெயரின் வாலிலிருந்து உதிர்ந்தனர். இந்தியாவின் பிற மாநிலங்களில் பெயரைக் கேட்டதும் சாதியை ஊகிக்க முடிகிறது. இங்கே பெயரைக் கேட்டபின் ஊரையும் தெருவையும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும் வழக்கம் ஒழியவில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்பவன் தன் வாயால் கேட்டு வெளிப்பட வேண்டிய நிலை உண்டாயிற்று. அது சிறிய வெற்றியன்று.

வரலாற்றின் குறும்பு ஒன்றும் இங்கே உண்டு. பூதூருக்குக் கிழக்கே குன்றத்தூரில் பிறந்து பெரியபுராணம் பாடியவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். எத்துணை இனிய பெயர்! ஆனால் சேக்கிழார் என்னும் குடிப்பெயரே உலகில் நின்றது. இயற்பெயரைப் பாடநூலைப் புரட்டித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

எல்லோரும் பட்டத்தைக் களைந்தே மானம் பெற்றார்கள் எனவும் கூறிவிட முடியாது. அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் இழிவாக ஒலித்த சொல்லைத் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்றார். பட்டம் உடையவர்க்கு அதைக் கழற்றுவது துணிவு; வசை சுமந்தவர்க்கு அதை எடுத்துத் தலையில் வைத்துக் கொள்வது துணிவு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பிழை. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மேல்கோட்டையில் இராமாநுசர் செய்ததாக மரபு கூறுவது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்குத் திருக்குலத்தார் என்று அவர் பெயர் வைத்தார். அருள் மிகுந்த செயல் அது, ஐயமில்லை. எனினும் திருக்குலத்தார் என்பது மேலிருந்து சூட்டப்பட்டது, 'பறையன்' என்பது உள்ளிருந்து எழுந்தது என்னும் வேறுபாட்டைப் பெயராய்வு செய்வோர் மறக்கலாகாது.

உள்ளிருந்து எழுந்த பெயர்களுள் இன்னொரு வகை, ஆசிரியரிடமிருந்து பெற்றது. காத்தவராயன் என்னும் பிள்ளை தனக்குத் தமிழ் கற்பித்த ஆசானின் பெயரையே தன் பெயராக ஏற்று அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். வைணவ மரபில் கோவிந்தர் என்னும் சிற்றன்னை மகனுக்கு இராமாநுசர் எம்பெருமானார் என்னும் தம் பெயரையே கொடுக்க முற்பட்டபோது, அப்பெயர் தமக்கு மிகப் பெரிது எனக் கருதிய கோவிந்தர் அதனைச் சுருக்கி எம்பார் என ஏற்றதாகக் கூறுவர். தம் அளவுக்குத் தைத்துக் கொண்ட பெயர் அது. கவிஞர்கள் நிறைந்த இவ்வவைக்கு மிக அணிமையில் உள்ள வரிசை வேறொன்று. எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் பாரதி ஆனார். கனகசுப்புரத்தினம் அவர்க்குத் தாசனாகிப் பாரதிதாசன் ஆனார். இராசகோபாலன், சுப்புரத்தினத்துக்குத் தாசனாகிச் சுப்புரத்தினதாசன் ஆகி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். எம்பெருமானார் எம்பாரானதும் சுப்புரத்தினதாசன் சுரதாவானதும் ஒரே இலக்கணம். பகுத்தறிவுப் பாவலர்க்கு இவ்வொப்புமை உவப்பாக இராது, உண்மையோ அதுவே. பாரதிதாசனின் மாணவர் வாணிதாசனின் இயற்பெயர்களுள் ஒன்று எத்திராசலு என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளலாம். பூதூரின் எதிராசர் புதுவைக் கவிஞரின் பெயருக்குள்ளும் இருந்தார்.

சங்கப் புலவர்களுள் சிலர்க்கு இயற்பெயரே கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் பாட்டிலிருந்து ஒரு தொடரை எடுத்து அதையே பாடியவரின் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார். பெற்றோர் இட்ட பெயர் அழிந்து, தாம் படைத்த உவமை தமக்குப் பெயராவது புலவர்க்கு வாய்க்கும் பேறு. விழாமலரில் பெயர் சிறியதாக அச்சாகிவிட்டது என வருந்தும் இளங்கவிஞர்க்கு இது ஆறுதலாகலாம்.

தனித்தமிழ் இயக்கம் பெயர்களை மொழிபெயர்த்தது. சூரிய நாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் என்றார். 1916-ஐ ஒட்டி வேதாசலம் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. அவர் மகன் ஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுமா என்பது ஐயமே. பின்வந்தோர் இதனை உணர்ந்து, மொழிபெயர்ப்பை விடுத்துச் சங்க இலக்கியத்துக்கே சென்றனர். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இராமையா அன்பழகன் ஆனதும் அவ்வழியே. பரணர் பாட்டிலும் கல்வெட்டிலும் உறங்கிய பெயர்கள் சுவரொட்டியிலும் வாக்குச் சீட்டிலும் விழித்தெழுந்தன. செழியனும் மலரும் கயல்விழியும் யாழினியும் இன்று ஆலைப் பேருந்தில் ஏறுவதற்கு அவ்வியக்கமே காரணம்.

அண்மைக்காலத்தில் அப்பேருந்தில் ஏறுவோருள் தினேஷ், ரிதிஷ், ஹர்ஷிதா வகையினரும் பலர். பிறந்த விண்மீனுக்குரிய எழுத்தில் தொடங்க வேண்டும்; எண்கணிதம் பொருந்த வேண்டும்; வகுப்பில் வேறு எவர்க்கும் இருத்தலாகாது. இம்மூன்றும் நிறைவேறினால் போதும், பொருள் வேண்டுவதில்லை என்னும் போக்கு வளர்ந்துள்ளது. இது கண்டு தமிழ் மன்றங்கள் வருந்துவது இயல்பே. ஆனால் அவ்வருத்தத்தில் ஒரு பிழை கலந்துவிடுகிறது. பழைய பெயர்கள் எல்லாம் பொருளுடையவை, தமிழாகவும் இருந்தவை, ஆதலின் நல்லவை என்று பேசிவிடுகிறோம். பொருள் உண்டு, ஆனால் என்ன பொருள்? குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி. அடுத்தடுத்துப் பிறந்த மகவுகளை இழந்த தாய், அடுத்த குழந்தையைக் குப்பை மேட்டில் உருட்டி எடுத்து, குப்பன் என்று பெயரிட்டாள். கூற்றுவன் பார்த்தால் 'இது குப்பைதானே' என்று விட்டுச் செல்வான் என்னும் நம்பிக்கை. இழிவின் உருவில் வந்த தாயன்பு அது. அப்பெயரை ஏளனம் செய்பவர் அதன் பின்னுள்ள சிறுகுழிகளை எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். எனினும் குறுகிய கைகளில் அதே பெயர் வேறு பயன்பட்டது. நிலவுடைமையாளர் வீட்டுக் குப்பன் குப்புசாமி ஆனான்; பண்ணையில் உழைத்தவன் குப்பனாகவே முதுமை எய்தினான். 'அன்' விகுதிக்கும் 'சாமி'க்கும் இடையே இருந்தது இலக்கண வேறுபாடு மட்டுமன்று. இப்பண்ணையாளின் பேரன் தன் மகனுக்கு எவர்க்கும் பொருள் விளங்காத ரிதிஷ் என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தால், பொருள் விளங்காமையே அவன் விரும்பியதாகவும் இருக்கலாம். எந்தத் தெருவென்று காட்டாத பெயர் அது. தூய தமிழ்ப்பெயர் வேண்டும் என்போர், அவனிடம் பேசுவதற்கு முன் இதனைக் கருதுவது நன்று.

ஒரகடத்தின் பெயர்ப்பலகைகளிலும் மனிதர் பெயர்கள் உண்டு. டெய்ம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலை அங்கே 2012-இல் திறக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பெயராகிய மெர்சிடிஸ், ஒரு சிறுமியின் பெயர். எமில் எல்லினெக் என்னும் வணிகர், 1889-இல் பிறந்த தம் மகளின் பெயரைத் தாம் ஓட்டிய வண்டிகளுக்கு வைத்தார். 1902-இல் அது வணிகக்குறியாகப் பதிவாயிற்று. இசுபானிய மொழியில் அச்சொல்லுக்கு அருள் என்பது பொருள். அன்னை மரியாளின் அடைமொழி ஒன்றிலிருந்து வந்தது. குன்றத்தூர்க்காரரின் பெயரில் உள்ள அருளும் அதுவும் அக்கம்பக்கம். 2010-இல் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கிய ரெனோ–நிசான் ஆலையின் ரெனோ, செருமானிய மூலமுடைய பழைய ஆண்பெயர் ஒன்றின் பிரெஞ்சு உருவம். அறிவுரை என்பதும் ஆளுதல் என்பதும் அதன் இரு உறுப்புகள். ஆளவந்தார் என்னும் நம் பெயரை ஒரு பிரெஞ்சுக்காரர்க்கு விளக்க வேண்டுமானால் ரெனோவிலிருந்து தொடங்கலாம்.

மகள் பெயரை உலகெங்கும் ஓடவிட்ட தந்தையைப் பற்றிச் சொன்னபின், இதே வடதமிழகத்து மற்றொரு வழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரகடத்துக்கு வடக்கே, திருத்தணியைச் சூழ்ந்த சில சிற்றூர்களில் பெண் குழந்தைகளுக்கு 'வேண்டாம்' என்று பெயரிடும் பழக்கம் இருந்துவந்ததை 2019-இல் நாளிதழ்கள் எழுதின. தொடர்ந்து பெண்மகவு பிறந்தால், இப்பெயரை இட்டபின் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கை. போதும்பொண்ணு, போதுமணி என்பனவும் இவ்வகையின. இவை தெய்வத்துக்கு எழுதிய விண்ணப்பம். விண்ணப்பம் எழுதிய தாள் ஒரு குழந்தை.

இலக்கண நோக்கில் பார்த்தால் இது வியப்பான பெயர். பெயர்ச்சொல் என்பது வேற்றுமை ஏற்பது, காலம் காட்டாதது. 'வேண்டாம்' என்பதோ முற்று. ஒரு முழு வாக்கியம். அதனைப் பெயராக்கி இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்தால் 'வேண்டாமை' என்றாகும். வேண்டாமையை ஈடில்லாத செல்வமாக வள்ளுவர் அவாவறுத்தல் அதிகாரத்தில் வைத்தார். இந்த ஒலி ஒப்புமையைக் கண்டு தமிழறிந்தோர் மகிழ்ந்துவிடலாம். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் நாள்தோறும் 'வேண்டாம்' என்று கூப்பிட, 'உள்ளேன்' என்று விடையிறுக்க வேண்டிய சிறுமிக்குக் குறள் எந்த ஆறுதலையும் தராது. வேண்டாமை பெற்றோரிடம் இல்லை. அவர்கள் மிக வேண்டினர். வேண்டியது வேறொரு பிள்ளையை.

குப்பன் என்னும் பெயரோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குப்பன் என்பது, குழந்தை நிலைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். வேண்டாம் என்பது பொய்யன்று. முன்னது கூற்றுவனை ஏமாற்றியது. பின்னது எவரையும் ஏமாற்றவில்லை. முன்னதில் குழந்தையே குறி. பின்னதில் குழந்தை வழி.

பூதூர்ப் பகுதியில் கைப்பேசியும் மின்னணுக் கருவியும் செய்யும் ஆலைகளில் பெண்களே மிகுதி. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது வரிசை வரிசையாக அமர்ந்தவர் பெண்கள். 2014-இல் அவ்வாலை மூடப்பட்டபோது வாயிலில் நின்றவருள்ளும் அவர்களே பலர். இன்று சுங்குவார்சத்திரத்து ஆலைகளுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்குவோரும் அவர்களே. 'போதும்' என்றும் 'வேண்டாம்' என்றும் வீட்டில் பெயர் பெற்ற ஒருத்தி அவ்வரிசையில் அமர்ந்து ஈட்டும் ஊதியம், அப்பெயரை இட்டவர்களின் அடுப்பை எரிய வைக்கும். அவள் கழுத்து அட்டையில் அப்பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். அயல்நாட்டு மேற்பார்வையாளர் அதன் பொருள் அறியாமல், நல்ல ஒலியுடைய பெயர் என்றே எண்ணி அழைப்பார். உலகிலேயே அவளை அப்பெயரால் புண்படுத்தாமல் கூப்பிடக் கூடியவர் அவர் ஒருவரே.

பெயரை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அகவை பதினெட்டு நிறைந்தவர் உரிய சான்றுகளோடும் கட்டணத்தோடும் எழுதுபொருள் மற்றும் அச்சகத் துறைக்கு விண்ணப்பித்தால், தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். அதன்பின் பள்ளிச் சான்றும் வங்கிக் கணக்கும் ஆலை அட்டையும் மாறும். அவ்வறிவிப்பு இரண்டு மூன்று வரிகளே உடையது. இன்ன நாளில் இன்ன ஊரில் பிறந்த இன்ன பெயருடையவர், இனி இன்ன பெயரால் அறியப்படுவார் என்பது அதன் வாசகம். சூட்டியவரும் சூடுபவரும் ஒருவரேயான பெயர்சூட்டு விழா அது, விருந்தினர் இல்லை. புதுப்பெயரை அச்சிடுமுன் பழைய பெயரை ஒருமுறை முழுமையாக அச்சிட வேண்டும் என்பது அங்கே விதி.